பிடித்த கை உடனே விரிய மறுக்கிறதா?
கதவின் கைப்பிடியைப் பிடித்த பிறகு விரல்களை உடனே விரிக்க முடியவில்லையா? வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அது 'மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி' எனும் பரம்பரைத் தசைநோயாகவும் இருக்கலாம்.

இந்நோய் உள்ளவர்களுக்கு, இறுகிய தசை தளர்வதற்கு நேரமாகும்; தசைகள் படிப்படியாகப் பலவீனமடையும். சிறு வயதிலேயே கண்புரையும் இதயத் துடிப்புக் கோளாறும் ஏற்படலாம்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

நோயை முற்றிலும் குணப்படுத்த முடியாது. எனினும், ஆண்டுதோறும் இசிஜி பரிசோதனை செய்துகொண்டால் இதயக் கோளாற்றை முன்கூட்டியே கண்டறியலாம். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு ஆபத்தானவை. எனவே, அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள்.