பந்தும் படிப்பும்: கல்லூரிக் கைப்பந்துப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

மாலை மணி அடித்ததும் புத்தகப் பையை ஓரமாக வைத்துவிட்டு வலை கட்ட ஓடும் மாணவியர் நம்மிடையே பலர் உண்டு. "இந்தப் பந்தைத் தட்டி என்ன ஆகப்போகிறது? நாளைக்குச் சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தறியோசையோடு வாழும் நம் சங்கரன்கோவிலில் ஒரு ரூபாயின் அருமை எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். ஆகவே, கைப்பந்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பெண்ணுக்கு வழி எது, அந்த வழியில் மேடு பள்ளங்கள் எவை என்பதைக் காண்போம்.

கைப்பந்து பிறந்தது 1895ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஹோலியோக் என்னும் ஊரின் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் வில்லியம் மார்கன் என்பவர் இதை வகுத்தார். விளையாட்டைக் கற்பிப்பதும் ஒரு படிப்பே என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்றக் காரணமானவர்களுள் ஒருவர் ஹாரி குரோ பக். அவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நமக்கு அருகே திருச்செந்தூரிலும், சற்றுத் தொலைவில் காரைக்குடியிலும் இன்று உடற்கல்விக் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005இல் தோன்றியது.

முதற்படி, விளையாடும்போதே படிப்பது. பிளஸ் டூ முடித்து ஒரு பட்டம் பெற வேண்டும். எந்தப் பாடமானாலும் சரி. கல்லூரி அணியில் இடம் பிடித்துச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுபவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். நம் பகுதிக்கு அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அங்கிருந்து தென்மண்டலப் போட்டி, பின்னர் அகில இந்தியப் போட்டி என்று பாதை விரியும்.

இரண்டாம் படி, இரண்டாண்டு பி.பி.எட்., அதன்பின் இரண்டாண்டு எம்.பி.எட். எலும்பும் தசையும் இயங்கும் விதம், காயத்துக்கு முதலுதவி, உணவு, மனநூல் ஆகிய யாவும் அங்கே பாடங்கள். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக விரும்புபவர் எம்.பி.எட்.டில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்று, நெட் அல்லது செட் தேர்விலும் வெல்ல வேண்டும். அல்லது முனைவர் பட்டம் பெற வேண்டும். ஓட்டத் தேர்வும் உண்டு. பயிற்சியாளராகவே இருக்க விரும்புபவருக்கு மற்றொரு கதவு பாட்டியாலாவில் திறக்கிறது. 1961இல் அங்கே தொடங்கிய தேசிய விளையாட்டுக் கழகம் தரும் பயிற்சியாளர் பட்டயத்துக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் கைப்பந்துக்கென்றே தனிப் பயிற்சியாளர் இருப்பார். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஓர் உடற்கல்வி இயக்குநரே எல்லா ஆட்டங்களையும் கவனிக்கிறார். நிரந்தர இடங்கள் குறைவு. தற்காலிக வேலையில் ஊதியமும் குறைவு. அதனால்தான் பட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்துகிறோம். பந்து ஒரு கை என்றால் படிப்பு மறு கை. ஒரு கையால் மட்டும் பந்தைத் தூக்கிக் கொடுப்பது கடினம் அல்லவா?

இந்தப் பாதையில் உயர்ந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் ஜி.இ. ஸ்ரீதரன் ஆட்டக்காரராக 1982இல் அர்ச்சுனா விருதும், பயிற்சியாளராக 2007இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். சீனப் பெண்மணி லாங் பிங் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். புகழின் உச்சியில் இருந்தவர், பின்னர் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் படித்தபடியே அங்குள்ள அணிக்கு உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 2016இல் அவர் பயிற்றுவித்த சீன மகளிர் அணி ஒலிம்பிக் தங்கம் வென்றது. எளிய பணியிலிருந்து தொடங்க அவர் வெட்கப்படவில்லை.

பயிற்சியாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? 1964இல் டோக்கியோவில் முதன்முதலாக மகளிர் கைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. தங்கம் வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலோர் ஒரு நூற்பாலையில் வேலை செய்த பெண்கள். பகலில் வேலை, அதன்பின் நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்சியாளர் டைமாட்சுவின் கண்டிப்பை உலகம் வியந்தது. மிகக் கொடிது என்று குறை கூறியவர்களும் இருந்தார்கள். உழைப்பை அவரிடம் கற்கலாம். ஆனால் காயம்பட்ட பெண்ணை உட்காரச் சொல்லும் இரக்கமும் பயிற்சியாளருக்கு வேண்டும். பதினெட்டு மீட்டர் நீளக் களத்தில் ஆறு பேர் ஆடும்போது, வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஏழாவது பெண்ணின் முகத்தையும் அவர் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்ணை அனுப்பத் தயங்குவது இயல்பே. அணியோடு பொறுப்பான ஒரு பெண் பயிற்சியாளர் சென்றால் அந்தத் தயக்கம் பாதி தீரும். இன்று உங்கள் மகளைத் தடுத்தால், நாளை மற்றவர் மகளுக்குத் துணை செல்ல யார் இருப்பார்?

தாலந்து உவமையை நாம் அறிவோம். பெற்றதை மண்ணில் புதைத்தவனை ஆண்டவர் மெச்சவில்லை. தங்கையரே, உங்கள் கைகளில் இறைவன் தந்த திறமையையும் புதைத்துவிடாதீர்கள். நாளை மாலை வலை கட்டும்போது, பந்தை எட்டாமல் தவிக்கும் சிறு வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குச் சரியாகக் கை வைக்கச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் பயிற்சியாளர் பணி அன்றே தொடங்கிவிடும்.