வாத்து ஏன் நொண்டுகிறது?

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சித்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ் பேசுவோம். கடைத்தெருவில் தெலுங்கு பேசுவோம். மாலையில் நான் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு ஒரு பாட்டி வருவார். அவர் பின்னாலேயே ஒரு வாத்தும் வரும். பாட்டி எழுதி முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் பாட்டி மட்டும் வந்தார்.

"கால நொண்டுதும்மா. பக்கத்து வீட்டுல, கொழம்பு வச்சிடுன்னு சொல்றாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் எங்கள் வீட்டிலும் வாத்து உண்டு. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள் அல்லவா? அவர்களிடம் வாங்கிய குஞ்சுகள். பட்டுத் தெரிந்துகொண்டதையும், கால்நடை டாக்டரிடம் கேட்டதையும் இங்கே சொல்கிறேன்.

வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கோழியை அப்படித் தூக்கிப் பழகிவிட்டோம். அதுவே தப்பு. வாத்துக்கு உடம்பு கனம், கால் மெலிசு. மூட்டு பிசகிவிடும். வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுங்கள். மறுகையால் இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள்.

பிறகு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பாட்டியின் வாத்துக்குச் சீமைக்கருவேல முள் ஏறியிருந்தது. நுனி மட்டும் தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு போட்டு, பாதத்தைப் பத்து நிமிடம் வைத்திருந்தோம். தோல் இளகியது. முள்ளை எடுத்தோம். ஈரத்தைத் துடைத்து அயோடின் மருந்து தடவினோம்.

முள் இல்லை, ஆனால் அடிப்பாதம் வீங்கிக் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருக்கிறதா? உள்ளே சீழ் இருக்கும். சிமெண்டுத் தரையிலும் ஈரச் சாணியிலும் நின்றுகொண்டே இருந்தால் இப்படி வரும். பிளேடால் கீறாதீர்கள். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

புண் ஆறும்வரை ஏரி, குட்டை வேண்டாம். காய்ந்த வைக்கோலைப் பரப்பி அதில் விடுங்கள். தலை முங்கும் அளவு ஆழமான சட்டியில் தண்ணீர் வையுங்கள். வாத்துக்கு மூக்கையும் கண்ணையும் கழுவியாக வேண்டும். புண் இல்லாமல் வெறும் சுளுக்கு என்றால், சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் நீந்தவிடலாம். தண்ணீர் உடம்பைத் தாங்கும். காலுக்குப் பாரம் குறையும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாட்டியின் மகன் தன் வலி மாத்திரையைப் பொடித்து வாத்துக்குக் கொடுக்க வந்தார். "வேண்டாம் அண்ணா" என்று தடுத்தேன். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தை முன்பு மாடுகளுக்குப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் போடக் கூடாது என்று அரசு தடை செய்தது. மனிதர் மாத்திரையைப் பறவைக்குக் கொடுப்பது அவ்வளவு ஆபத்து.

காலில் காயமே இல்லாமல் குஞ்சு நொண்டுகிறதா? தீனியைக் கவனியுங்கள். நியாசின் என்று ஒரு வைட்டமின் உண்டு. கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு அது ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டும். குறைந்தால் மூட்டு வீங்கும், கால் வளையும். தீட்டிய வெள்ளை அரிசியில் அது போதாது. தவிடு, ஈஸ்ட், வேர்க்கடலைப் பிண்ணாக்கு சேர்க்க வேண்டும். முட்டையிடும் வாத்துக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். கிளிஞ்சலைப் பொடித்து வையுங்கள்.

பிண்ணாக்கு என்றதும் எனக்கு மனசு வலிக்கும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் பிண்ணாக்கு மூட்டை நனைந்து, ஓரத்தில் பூசணம் பிடித்திருந்தது. தட்டிவிட்டு வைத்தேன். குஞ்சுகள் முதலில் நொண்டின. கால் ஊதா நிறமானது. மூன்றும் செத்தன. பிறகுதான் டாக்டர் சொன்னார். வேர்க்கடலைப் பூசணத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வேகவைத்தாலும் போகாது. 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைத் தீனியால் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. அதற்குப் பிறகே இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கம் வேர்க்கடலை பூமி. வீட்டுக்கு வீடு பிண்ணாக்கு இருக்கும். முகர்ந்து பார்த்து வையுங்கள்.

இரண்டு காலும் விழுந்துவிட்டாலோ, கழுத்து தொங்கினாலோ காத்திருக்க வேண்டாம். ஒரே சமயத்தில் பல பறவைகள் நோயில் விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அறுத்துச் சமைக்காதீர்கள். 2024-இல் நெல்லூர் மாவட்டத்திலும், 2025-இல் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக் காய்ச்சல் வந்தது. உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். காசு இல்லை.

திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரியிலிருந்து புத்தூர் வழியாகப் போகலாம். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். கூடையில் வைக்கோல் போட்டு வாத்தை உட்கார வையுங்கள். டாக்டர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேளுங்கள்.

பாட்டியின் வாத்து ஐந்தாம் நாள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறது. பாட்டி அன்று பலகையில் 'வாத்து' என்று எழுதினார். 'த்' புள்ளியை மறந்துவிட்டார்.