உங்களுக்குத் தெரியுமா?

மட்டக்களப்பு வாவிக் கரையில் கல்யாணம் முடிந்ததும் வீடு மாறுகிறவர் மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுடையது! தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம்.

• மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பக்கத்திலேயே இன்னொன்று கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்தவள் கல்யாணத்தோடு அதுவும் கைமாறும். அக்கா, தங்கை, சின்னம்மா எல்லோரும் கூப்பிடு தூரத்தில்.

• மகள்மார் எத்தனையோ, வீடும் அத்தனை. வாவியில் வலை வீசிப் பிழைப்பவருக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்பவருக்கும் இது சின்னக் கணக்கல்ல. தங்கையின் கல்வீடு எழும்பும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் அண்ணன்மார் உண்டு. வீட்டு வேலைக்கு மத்திய கிழக்கு போகும் பெண்கள் பலரின் கனவும் ஒரு கூரைதான். பெரும்பாலும் மகளுக்கான கூரை.

• இந்தப் பகுதித் தமிழ்ச் சமூகமான முக்குவரின் பழைய சட்டத்தில் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்கே. 1876இல் கிறிஸ்டோபர் பிரிட்டோ அதை நூலாக்கினார். சட்டம் மறைந்துவிட்டது. தாய்வழி வரும் ‘குடி’ என்ற குலப் பிரிவு மட்டும் இன்னும் கோயில் உரிமைகளில் எட்டிப்பார்க்கிறது.

• 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்ற கணக்கில் ஆணின் பெயருக்குப் போயின. தாய் தந்த வளவைக் கடலுக்குப் பறிகொடுத்தவளுக்கு, புதுப் பத்திரத்தில் பெயரே இல்லை.