பழைய லாரிகளைப் பேணுவோர்

மாணவர்களே, கோடம்பாக்கம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது திரைப்படம். நடித்தவர் யார், பாடியவர் யார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். புகழ்பெற்ற நடிகர் ஏறி வந்த கார் எது என்பதைக்கூட உங்களுள் சிலர் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அந்தப் படப்பிடிப்புக்கு வெளிச்சத்தைச் சுமந்து வந்த வண்டி எது என்று கேட்டால், விடை சொல்வோர் அரியர்.

வெளிச்சத்தைச் சுமப்பதா என்று வியக்க வேண்டாம். அந்நாளில் படப்பிடிப்புக்குப் பயன்பட்டவை ஆர்க் விளக்குகள். இரண்டு கரிக்கோல்களின் முனைகளுக்கிடையே மின்சாரம் தாவும்போது எழும் பேரொளியே அவ்விளக்கின் ஒளி. அது சீராக எரிய நேர்திசை மின்னோட்டம் வேண்டும். நம் வீட்டுக் கம்பியில் வருவதோ மாறுதிசை மின்னோட்டம். அதுவும் காட்டிலும் மலைச்சாரலிலும் எங்கே கிடைக்கும்? ஆகவே வெளிப்புறப் படப்பிடிப்புக்குச் செல்லும் குழுவினருடன் எஞ்சினும் ஜெனரேட்டரும் பொருத்திய கனமான லாரி ஒன்றும் புறப்படும். அது வந்து சேராவிடில் பெரிய நடிகரும் மரத்தடியில் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த நடிகர்கள் காலத்துக் கார்களை இன்று நீங்கள் காணலாம். கோடம்பாக்கத்தை அடுத்த வடபழனியில், ஆற்காடு சாலையில் உள்ள ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில், 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு பாரம்பரியக் காட்சியகம் திறக்கப்பட்டது. எம். எஸ். குகன் சேகரித்த பழங்கார்கள் நாற்பதுக்கு மேல் அங்கே உள்ளன. மோட்டார் சைக்கிள்களும் உள்ளன. சென்னையில் பழங்கார் அன்பர்களின் சங்கங்களும் இருக்கின்றன. அவர்கள் தம் வண்டிகளைத் துடைத்து மெருகேற்றி ஊர்வலமாக ஓட்டிவரும்போது தெருவே நின்று பார்க்கிறது. லாரிக்கு மட்டும் இந்தப் பேறு கிட்டுவது அரிது. இதற்குக் காரணம் என்ன?

கார் ஒருவருடைய ஆசைக்காக வாங்கப்படுவது. ஓடாத நாளிலும் அது கொட்டகையில் கிடக்கும். தாத்தாவின் கார் என்று பேரன் போற்றுவான். லாரி கடனுக்கு வாங்கப்படுவது. அது நின்றால் வட்டி நிற்பதில்லை. எனவே எஞ்சின் தேயும்வரை நெடுந்தூரம் ஓடும். பிறகு குறைந்த விலைக்குக் கைமாறி மணலும் செங்கல்லும் சுமக்கும். இறுதியில் இரும்பாக எடைக்குப் போகும். எத்தனை ஆயிரம் ஓடினவோ அத்தனையும் ஏறத்தாழ இவ்வழியே சென்றன. எங்கும் நிறைந்திருந்த பொருளை யாரும் எடுத்து வைப்பதில்லை. நம் பாட்டிமாரின் அம்மியும் உரலும் போன இடம் உங்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் லாரியின் வரலாற்றில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1948-ஆம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அமைந்த அதன் தொழிற்சாலையில் முதலில் ஆஸ்டின் கார்கள் பூட்டப்பட்டன. பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, 1951-இல் காமெட் என்னும் லாரிகள் அங்கே உருவாயின. அவற்றுள் முதல் நான்கும் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றவை. 1955-இல் நிறுவனத்தின் பெயரே அசோக் லேலண்டு என்றாயிற்று. வடக்கே ஜாம்ஷெட்பூரில் 1954-இல் டாட்டா நிறுவனத்தார் ஜெர்மானிய பென்ஸ் நிறுவனத்தோடு கூடி லாரி செய்யத் தொடங்கினர்.

அதற்கு முன் ஓடியவை பெரும்பாலும் அயல்நாட்டு வண்டிகள், பெட்ரோலில் இயங்கியவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, டி. வி. எஸ். நிறுவனத்தார் போன்றோர் கரிவாயு அடுப்பைச் செய்து வண்டிகளில் பொருத்தினர். அடுப்பில் கரியை இட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு பிறக்கும். சிறிது நீராவியும் சேர்ந்தால் ஹைட்ரஜனும் கிடைக்கும். இக்கலவையைக் குளிர்வித்து, தூசு வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவர். பெட்ரோல் தந்த வலிமையை இவ்வாயு தராது. மேட்டில் வண்டி திணறும். ஆயினும் போக்குவரத்து நின்றுவிடவில்லை. போர் முடிந்ததும் இராணுவம் கழித்த லாரிகள் ஏலத்துக்கு வந்தன. 1950-களில் சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியபின், பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டிக்கொள்வது சிக்கனமான வழியாயிற்று.

இங்கேதான் பழைய லாரியைப் பேண முற்படுவோர்க்கு ஒரு தலையாய வினா எழுகிறது. எதை அந்த வண்டியின் மூல வடிவம் என்பது? காரென்றால் சிக்கல் இல்லை. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அதுவே மூலம். அந்நாளைய லாரியோ நம் நாட்டில் பெரும்பாலும் முழுமையாக விற்கப்பட்டதில்லை. சட்டம், எஞ்சின், சக்கரம், முன்முகப்பு இவ்வளவே தொழிற்சாலையிலிருந்து வரும். ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் நாமக்கல் போன்ற ஊர்களில் தச்சரும் கொல்லரும் வண்ணக்காரரும் கூடிச் செய்வர். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு லாரிகள் ஒன்றுபோல் இரா. அதன்மேல் எஞ்சினும் மாறியிருந்தால்? எஞ்சினைப் பிடுங்கிவிட்டு முதல் எஞ்சினைத் தேடிப் பொருத்துவோர் உண்டு. நான் அவர்கள் கட்சியன்று. பெட்ரோல் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பெர்கின்ஸ் எஞ்சின், ஒரு வறிய நாடு தன் போக்குவரத்தை நடத்திக்கொண்ட விதத்துக்குச் சான்று. அதைக் கழற்றினால் வண்டி புதியதுபோல் விளங்கும். அதன் வரலாறு போய்விடும்.

இனி, பேணும் வேலை எளிதென்று எண்ணாதீர்கள். சட்டத்தின் துருவைச் சுரண்டி, இற்றுப்போன தறையாணிகளை மாற்ற வேண்டும். மக்கிய மரச்சட்டங்களைப் புதிதாகச் செய்ய வேண்டும். டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் பம்பு இருக்கிறதே, அதன் உள்ளே தண்டும் குழலும் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியோடு இணைந்து பொருந்தியவை. ஒன்று கெட்டால் மற்றொன்றை வேறொரு பம்பில் சேர்க்க இயலாது. இணையாகவே தேட வேண்டும்.

எல்லாம் முடிந்தாலும், ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். இக்கால வண்டியில் கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறது. பழைய லாரியில் அது இல்லை. ஓட்டுநர் கிளட்சை ஒருமுறை மிதித்துக் கியரை விடுவித்து, எஞ்சினின் ஒலியைக் காதால் அளந்து வேகத்தைச் சரிசெய்து, மறுமுறை மிதித்து அடுத்த கியரில் சேர்ப்பார். தவறினால் பற்கள் அரைபடும் ஓசை தெருக்கோடிவரை கேட்கும். இக்கலை புத்தகத்தில் வருவதன்று. அதில் தேர்ந்த முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கற்றுக்கொண்டால்தான் உண்டு.

பிறநாடுகளில் இதை முன்பே உணர்ந்தனர். இங்கிலாந்தில் 1958-இல் பழைய சரக்கு வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் என்றே ஒரு சங்கம் அமைந்தது. அச்சங்கம் 1962 முதல் இலண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைவரை அவற்றை ஓட்டிச் செல்லும் விழாவை நடத்தத் தொடங்கியது. மதுப்பீப்பாய் சுமந்த லாரியும் தீயணைப்பு வண்டியும் அதில் வரிசையாகச் செல்லும். அமெரிக்காவில் 1971-இல் லாரி வரலாற்றுக் கழகம் தோன்றியது. நம் காமெட்டின் தாயகமான லேலண்டு என்னும் ஊரிலேயே 1983-இல் சரக்கு வண்டிகளுக்கான காட்சிசாலை திறக்கப்பட்டது.

நம் நாட்டில் சட்டமும் காரின் பக்கமே நிற்கிறது. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளை வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வி, ஏ என்னும் எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலாகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவ்விதியின்படி பழம்பெரும் வாகனம் என்பது சொந்தப் பயன்பாட்டுக்குரிய இருசக்கர வண்டியும் காருமே. சரக்கு லாரி அந்த இலக்கணத்துள் அடங்காது. மேலும், சட்டத்திலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யாதிருக்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. நான் மேலே சொன்ன பெர்கின்ஸ் எஞ்சின் வண்டி இரண்டு வகையிலும் தோற்றுவிடும்.

இன்னொருபுறம், பாதுகாப்புப் பணிக்குரிய சிறப்பு வண்டிகள் நீங்கலாக, பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டது. புகையைக் குறைக்க இது வேண்டுவதே. பழைய டீசல் எஞ்சின் நாள்தோறும் நகரத்தில் புகை கக்குவதை நானும் விரும்பேன். ஆனால் ஒவ்வொரு வகையிலும் ஒரு வண்டியை எடுத்து வைத்து, ஆண்டுக்கு நான்கு நாள் ஓட்டிக் காட்டினால் எவ்வளவு புகை வந்துவிடும்? எடுத்து வைக்கும் முன்பே உடைப்பவர் கைக்குப் போய்விடுகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகங்களைத் தேடி வரும் வண்டிப் பிரியரும், இரும்பை எடைபோட்டு வாங்கும் வணிகரும் ஒரே பொருளைத்தான் பார்க்கிறார்கள். முந்துகிறவருக்கு அது உரியது.

உங்கள் ஊரில் அரிசி ஆலையின் பின்புறத்திலோ செங்கல் சூளையின் அருகிலோ பழைய லாரி ஒன்று புல் மண்டிக் கிடந்தால், உரியவரிடம் அனுமதி பெற்று அருகே செல்லுங்கள். நாற்புறமும் படம் எடுங்கள். ஓட்டுநர் அறைக்குள் தயாரிப்பாளரின் தகடு இருக்கிறதா பாருங்கள். அதன் பெட்டியைக் கட்டியது எந்த ஊர்ப் பட்டறை, எஞ்சின் எப்போது மாற்றப்பட்டது, என்ன சரக்கு ஏற்றியது என்பவற்றை உரியவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணை மறவாதீர்கள். பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு அருகே, சட்டத்தின் வலப்பக்க இரும்பில் அது பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவைத் துடைத்தால் எழுத்துகள் தெரியும்.