உயிரிரசாயனம் கற்றோர்க்கு மேற்படிப்பு

அருமனைப் பக்கத்து வீடுகளில் மரச்சீனிக் கிழங்கை நிறையத் தண்ணீர் வார்த்து அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டுவதை நம் மாணாக்கர் கண்டிருப்பர். கிழங்கு சிதையுங்கால் அதிலுள்ள லினமாரின் என்னும் பொருள் ஒரு நொதியால் பிளவுண்டு, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு பிறக்கிறது. அவிக்கையில் இவற்றின் பெரும்பகுதி நீரோடும் ஆவியோடும் நீங்கிவிடும். பாட்டிமார் கைப்பழக்கத்தால் அறிந்ததன் காரணத்தை ஆராய்வதே உயிரிரசாயனம்.

இதனைக் கற்க நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனத் துறை உளது. அருகே ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தோன்றிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நம் மரச்சீனியையே ஆராய்ந்து வருகிறது. உணவுத் துறையை விரும்புவோர்க்கு மைசூர் ஆராய்ச்சி நிலையத்து எம்.எஸ்ஸி. ஏற்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலோ 1921 முதலே இத்துறை நடைபெறுகிறது.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைச் சாலையில் பணி கிடைக்குமென்று எண்ணிச் சேர்வோர் பலர். அவர்கள் சற்று நிதானித்தல் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் மூவாண்டு நடைபெறும் மருத்துவ எம்.எஸ்ஸி. வேறு, கலைக் கல்லூரிகளின் ஈராண்டு எம்.எஸ்ஸி. வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்கிச் சம்பளம் கட்டுமுன், தாம் நாடும் வேலைக்கு எப்பட்டம் கேட்கப்படுகிறதென்று விளம்பரங்களைப் பார்த்தறிக.

ஆராய்ச்சியை நாடுவோர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை உயிர் விஞ்ஞானப் பிரிவில் எழுதலாம். அதில் இளநிலை ஆராய்ச்சி உதவிக்குத் தேறினால், பிஎச்.டி. பயிலுங்கால் ஐந்தாண்டு வரை மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் இத்தேர்வுக்கு எம்.எஸ்ஸி. முதலாண்டிலேயே படிக்கத் தொடங்குதல் நலம்.