உடன் உழைப்பவரோடு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி உள்ளது. அவ்வூர்ப்புறத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா அமைந்திருக்கிறது. விடியற்காலையில் சாலையோரம் நின்று நோக்கினால், ஒரு கூட்டத்தார் பேருந்தில் உறங்கி விழுந்தவாறு வீடு திரும்புவதையும், மற்றொரு கூட்டத்தார் நீராடித் தலைவாரி வேலைக்குச் செல்வதையும் காணலாம். இவ்விரு சாராருக்கும் இயந்திரம் ஒன்றே. ஆயினும் அவர்கள் முகம் பார்த்துப் பேசும் நேரம் சில நிமிடங்களே. ஒரே வகை வேலையில் இரண்டு அணியினரை ஒரே நேரத்தில் ஈடுபடுத்தலாகாது என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. வேலை நேரத்தில் ஏமாற்று நிகழாமல் காப்பதற்கு அது நல்ல விதியே. ஆனால், பார்த்துப் பழகாத ஒருவர் விட்டுச்சென்ற அழுக்கை நாள்தோறும் துடைக்க நேர்ந்தால் சினம் எழாதிருக்குமா?

என்னிடம் பயின்ற இளைஞன் ஒருவன் இக்குறையோடுதான் வந்தான். "முன் ஷிப்டுக்காரர் எண்ணெயைத் துடைப்பதில்லை, கருவிகளை இடத்தில் வைப்பதில்லை, ஐயா" என்றான். "அவரிடம் சொன்னாயா?" என்று கேட்டேன். "இல்லை; சூப்பர்வைசரிடம் சொன்னேன்" என்றான். சூப்பர்வைசர் மறுநாள் அனைவரையும் நிறுத்திவைத்துப் பொதுவாகக் கண்டித்தாராம். அன்று முதல் எண்ணெய் இன்னும் சற்று மிகுதியாகவே சிந்திக் கிடந்ததாம்!

சிரித்தேன், உடனே சிரிப்பு அடங்கிற்று. நானும் அதே பிழையைச் செய்தவனன்றோ? நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் மூத்த ஆசிரியர் ஒருவர், மணி அடித்த பின்னும் ஐந்து நிமிடம் பாடம் நடத்துவார். அடுத்த பாடவேளைக்குரிய இளம் ஆசிரியர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருப்பார். ஆசிரியர் கூட்டத்தில் நான், "சிலர் நேரம் தவறுகிறார்கள்" என்று பொதுப்படக் கூறினேன். நேரம் தவறாத அனைவரும் வருந்தினர். உரியவர் மட்டும் தலையசைத்து ஆமோதித்தார். என்னையொத்த வயதினரிடம் நேரில் சொல்லக் கூசினேன். அதற்கு நாகரிகம் என்று பெயரிட்டுக்கொண்டேன். ஆண்டிறுதியில் அவ்விளைஞர் மாறுதல் பெற்றுச் சென்றுவிட்டார். நல்ல கணித ஆசிரியர். அவருக்கு ஈடாக ஒருவர் வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

சொல்ல வேண்டியதை உரியவரிடமே, தனியே, அன்றன்றே சொல்லுதல் வேண்டும். "நீங்கள் பொறுப்பற்றவர்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு விடை சண்டையே. "நேற்று இயந்திரத்தின் கீழே எண்ணெய் இருந்தது, கால் வழுக்கிற்று" என்பது செய்தி, அதற்கு விடை கூற இயலும். கைம்மாற்று கேட்பவர், ஓயாது பேசுபவர் முதலியோரிடமும் இதுவே வழி.

எல்லைப்புறமாகிய நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இங்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியன ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும். இப்போது இந்தியும் சேர்ந்துள்ளது. வடபுலத்து இளைஞன் ஒருவன் ஐம்பது வயதுத் தொழிலாளியை "நீ வா" என்கிறான். இவருக்கு முகம் சிவக்கிறது. அவன் மரியாதை அறியாதவனல்லன். தெலுங்கில் 'மீரு', கன்னடத்தில் 'நீவு' என்பன போல் அவன் மொழியிலும் 'ஆப்' உண்டு. நாம் அவனிடம் "வா, போ, எடு" என்று மட்டுமே பேசினோம். அவன் கற்ற தமிழ் அவ்வளவே. 'வாங்க' என்று நாம் சொல்லியிருந்தால் அவனும் அதையே கற்றிருப்பான்.

ஆனால், எரிச்சல் வேறு, தீங்கு வேறு. சாதி கூறி இழிவுபடுத்துவதையோ, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதையோ 'அவர் சுபாவம் அப்படி' என்று பொறுத்தல் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பெண்களின் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். நிகழ்ந்த நாளிலிருந்து 3 மாதத்திற்குள் எழுத்து வடிவில் புகார் அளித்தல் வேண்டும். விடுதிகளில் தங்கி வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள் இக்கெடுவை நினைவிற்கொள்க. பிற குறைகளுக்கு, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழில் நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டுமென 2010-ஆம் ஆண்டின் திருத்தம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அதனைக் கொண்டுள்ளது. அதில் நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்வர்.

அவ்விளைஞன் ஒரு திங்கள் கழித்து மீண்டும் வந்தான். பத்து நிமிடம் முன்னதாகச் சென்று முன் ஷிப்டுக்காரரைச் சந்தித்தானாம். இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் அவருடைய பேருந்து புறப்பட்டுவிடுகிறது. தவறினால் சூளகிரிக்கு அப்பாலுள்ள அவர் ஊருக்கு அடுத்த வண்டி மாலையில்தான். இப்போது ஒன்றே முக்காலுக்கே துடைக்கத் தொடங்குகிறார். மிச்சத்தை இவன் துடைத்துக்கொள்கிறான். கருவிப் பெட்டி வழக்குத்தான் இன்னும் தீரவில்லையாம்.