புத்தகம் இல்லாத வண்டிக்கு யார் பிணை? – கடன் எடுத்து ரேசிங் சைக்கிள் வாங்குவது பற்றி

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு 'புத்தகம்' இருக்கிறது. லீசிங்கில் எடுத்தால் அந்தப் பதிவில் நிதி நிறுவனத்தின் பெயரும் இருக்கும். தவணை தவறினால் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 'சீஸ் பண்ணிட்டாங்கள்' என்று ஊரில் சொல்வோம். அவமானம்தான். ஆனாலும் கடனில் ஒரு பெரும் பகுதியாவது அந்த வண்டியோடு போய்விடும்.

துவிச்சக்கர வண்டிக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. ஆகவே அதற்கென்று எடுக்கும் கடன் பெரும்பாலும் வண்டியின் மேல் நிற்பதில்லை. கையெழுத்து வைத்தவரின் மேல் நிற்கிறது. எங்கள் மாவட்டத்தில் அந்தக் கையெழுத்து பல வேளைகளில் ஒரு தாயினுடையது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. திருகோணமலையில் வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரேசிங் சைக்கிள்களை அதிகாலையில் நிலாவெளி வீதியிலும் கிண்ணியாப் பாலத்திலும் அடிக்கடி காண முடிகிறது. இந்த ஆசைக்குப் பின்னால் 2022 இருக்கிறது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவுக்குப் போனது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு கிழமை, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்க, அவற்றைக் கடந்து ஆட்கள் பழைய சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டிருந்ததால், பழைய மோட்டார் சைக்கிளின் விலையும் கைக்கு எட்டவில்லை. சைக்கிளின் அருமை இளைஞர்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

எங்கள் தலைமுறைக்கு அது முன்பே தெரியும். யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் சைக்கிளில் மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு வெளியேறினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புலம்பெயர் உறவுகள் சைக்கிள் கொடுக்கும் படங்களைச் செய்திகளில் பார்த்துச் சலித்தவர்களும் உண்டு. ஆனால் தூரத்துக் கிராமத்துப் பெண்பிள்ளை ஒருத்தி படிப்பை இடையில் விடாமல் இருப்பதற்கு அந்த வண்டி காரணமாகலாம். எனவே சைக்கிள் வாங்குவதை வீண்செலவு என்று நான் சொல்லப் போவதில்லை. என் கேள்வி கடனைப் பற்றியது.

அக்காவின் மகன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். சைக்கிள் ஓட்டப் போட்டிகளிலும் ஆசை. "மோட்டார் சைக்கிளை விட இது மலிவுதானே மாமா? ஒரு இலட்சம்தான். அம்மாவின்ர பேரில சென்டரில எடுக்கலாம், மாதத்துக்கு ரெண்டு வீதம்தானாம்" என்றான். இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

மாதம் 2 வீதம் என்றால் ஆண்டுக்கு 24 வீதம். கேட்கச் சுமையாகத் தெரியாது. ஆனால் இது எந்தத் தொகைக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போட்டால், ஓராண்டில் கட்டும் மொத்த வட்டி சுமார் 13,500 ரூபா. முதலில் எடுத்த ஒரு இலட்சத்துக்கே கடைசி மாதம் வரை வட்டி போட்டால் 24,000 ரூபா. மாதத் தவணை 10,333 ரூபா. பத்தாவது மாதத்தில் உங்கள் கையில் இருப்பது கடனின் சிறு பகுதிதான். வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது முறையின் உண்மையான ஆண்டு வட்டி 24 அல்ல, ஏறத்தாழ 42 வீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்தால் இன்னும் கூடும்.

பஸ்ஸும் இரவில் ஓட்டோவும் சேர்த்து மாதம் ஆறாயிரம் மிச்சமாகும் என்றான். அப்படியென்றாலும் ஒவ்வொரு மாதமும் 4,333 ரூபா சம்பளத்திலிருந்து போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் கரையில் வெளிநாட்டார் வருவது சித்திரைக்குப் பிறகு. புரட்டாசி கழிய ஹோட்டல்கள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கும். வடகீழ்ப் பருவமழையில் சைக்கிளில் போவதே கஷ்டம். வருமானம் ஆறேழு மாதம், தவணை பன்னிரண்டு மாதம். கடலை நம்பியவர்களுக்கும் இதே பிரச்சினைதான். இந்தப் பொருத்தமின்மையை யாரும் கடன் படிவத்தில் எழுதுவதில்லை.

ஏன் அம்மாவின் பெயரில்? வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள், அல்லது அரச உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கேட்பார்கள். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களும், கணவனை இழந்து குடும்பம் நடத்தும் பெண்களும் அதற்கு எங்கே போவது? யுத்தம் முடிந்த கையோடு நுண்கடன் கம்பனிகள் நுழைந்தது இந்த வெற்றிடத்துக்குள்தான். உறுதி வேண்டாம், குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்றார்கள். பெண்களுக்கே கொடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே கதவைத் தட்டுவது கம்பனிக்காரர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரியும்தான். 2018இல் இங்கே வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, 220 வீதம் வரையான வட்டியையும் அறவிட வருவோர் பெண்களைத் துன்புறுத்துவதையும் வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டு வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், திருகோணமலை உட்பட, ஒரு இலட்சம் ரூபா வரை கடன் எடுத்துத் தவணை தவறியிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் அறிவித்தது. ஒரு இலட்சம். ஒரு நல்ல சைக்கிளின் காசுக்காக அரசாங்கமே தலையிட வேண்டி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் உப்புக் காற்றில் சங்கிலியும் கேபிளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரையோரம் ஓடுபவர் கிழமைக்கு ஒரு தடவையாவது துடைத்து எண்ணெய் விட வேண்டும். ரேசிங் சைக்கிளின் மெல்லிய டியூப்பில் பெரும்பாலும் இருப்பது பிரெஸ்டா வால்வு. சாதாரணக் காற்றுப் பம்பு அதற்குப் பொருந்தாது. ஊர்ச் சைக்கிள் கடையில் டியூப் கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பித்தால், அத்தனை நாளும் வண்டி சுவரில் சாய்ந்திருக்கும், தவணை மட்டும் ஓடும். வேலைக்குப் போகத்தான் என்றால் பாவித்த ஜப்பான் சைக்கிள் ஒன்றே போதும். கியர் உண்டு, பின்னால் சாமான் கட்டலாம், திருத்துவதும் சுலபம். போட்டிக்குத்தான் என்றால் அந்த ஆசைக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் அது சேமித்து வாங்க வேண்டிய வண்டி, அல்லது கழகமோ புலம்பெயர்ந்த உறவோ வாங்கிக் கொடுக்க வேண்டிய வண்டி.

கடன் எடுக்கவே கூடாதா? மீன் பெட்டி கட்டி வீடு வீடாகப் போகிறவருக்கு வண்டி உடைந்தால் அன்றைய வருமானமே நின்றுவிடும், அவர் எடுக்கலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ஊரிலுள்ள சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தை. பகலில் வீட்டு வாசலுக்கு வரும் கம்பனியைக் கடைசியில் பார்க்கலாம். நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பது இன்னொரு வழி. நகை போகலாம், ஆனால் அயலவள் பிணை நிற்கத் தேவையில்லை. தவணை தவறியது கடன் தகவல் பணியகத்தில், ஊர்ப்பேச்சில் 'கிரிப்'பில், பதிந்தால் நாளைக்கு வீட்டுக்கோ தொழிலுக்கோ வங்கியில் கடன் எடுப்பதும் சிக்கலாகும். அந்தப் பதிவு விழுவது மகன் பெயரிலல்ல, அம்மாவின் பெயரில்.

எங்கே எடுத்தாலும் கையெழுத்துக்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: கடைசித் தவணை வரை மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும், வட்டி குறையும் மீதிக்கா முழுத் தொகைக்கா, முன்கூட்டியே முடித்தால் என்ன கழிவு. படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒருநாள் தரமாட்டோம் என்பவரிடம் எடுக்காதீர்கள். மத்திய வங்கியின் கண்காணிப்பிலுள்ள நிறுவனமென்றால், முறைப்பாட்டுக்கு அதன் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அந்தக் கண்காணிப்பில் இல்லாத இடமென்றால் இந்த இலக்கமும் உதவாது. அதையும் கையெழுத்துக்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.